தம்பி வண்டியின் பம்ப்

நீங்கள் உள்ளே வந்தபோது உங்கள் போலீஸ் ஜீப்பின் பெல்ட் கீச்சென்று கத்தியது. மாற்றிவிடுங்கள் சார். பெரிய வேலையில்லை. அலட்சியமாக விட்டால் நடுவழியில் காலை வாரிவிடும்.

தம்பியைப் பற்றித்தானே கேட்டீர்கள்? அவனுடைய சிதைந்த வண்டியிலிருந்து பெட்ரோல் பம்பை எடுத்துவிட்டீர்கள், இனி மறைக்க ஒன்றுமில்லை.

அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவன் நான். பட்டறை எங்கள் இருவருடையது. டர்போ வண்டிகளுக்குக் கூடுதல் வேகம் ஏற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். வருகிறவர்கள் எல்லோரும் காற்றைப் பற்றியே பேசுவார்கள். டர்போ என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும், சரி. காற்று ஏறினால் பெட்ரோலும் அதற்கேற்ப ஏற வேண்டும். இல்லாவிட்டால் பசித்த என்ஜின் தன்னையே தின்றுவிடும். அதனால் முதலில் டாங்கிக்குள் இருக்கும் பம்பை மாற்றுவோம், பிறகு என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர், வேகமெல்லாம் அதற்கப்புறம்தான். எங்கள் கைபட்டு ஒரு வண்டிகூடக் கெட்டதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவன் மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண் நல்ல பெண். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருநாள் சொன்னான், மாமனார் ஊரில் தனியாகப் பட்டறை போடப்போவதாக.

"எத்தனை நாள்தான் எனக்காகவே உழைப்பே அண்ணே? உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா?"

நியாயமான கேள்விதான். அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினேன்.

அவன் காரை நாங்கள் சேர்ந்தே தயார் செய்தோம். பெரிய டர்போ, அதற்கேற்ற பெரிய பம்ப். காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கணினியில் அவனே அளவு வைத்தான். கிளம்பும் நாள் காலை, அவர்கள் மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பின் சீட்டைத் தூக்கி, புது பம்பைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. தெருவில் ஓட்டப் பழைய பம்பே தாராளம், வித்தியாசம் தெரியாது. ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால்தான் அதற்கு மூச்சு வாங்கும்.

"என்ன அண்ணே, பெட்ரோல் வாசனை வருது?"

"வழியில தொல்லை வேணாமேன்னு இணைப்பையெல்லாம் ஒரு தடவை பார்த்தேன்டா."

அவன் என்னைக் கட்டிக்கொண்டான். அவள் சிரித்தபடி, "நீங்க பார்த்துட்டா கவலையே இல்ல மாமா" என்றாள்.

என்ஜின் கெட்டால் வண்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்கே திரும்புவான், அதைத்தான் எதிர்பார்த்தேன் என்று உங்களிடம் சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் சார், அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே நான். அவன் எப்போது முழுதாக அழுத்துவான் என்று எனக்குத் தெரியாதா? எதிரே வண்டி வந்துகொண்டிருக்க, லாரியை முந்தும்போது. அங்கேதான் அழுத்தினான். அங்கேதான் என்ஜின் கைவிட்டது. தெரிந்தேதான் மாட்டினேன்.

அவள் உயிர் அங்கேயே போய்விட்டது. இவன் பிழைத்தான். கழுத்துக்குக் கீழே அசைவில்லை, பேச்சில்லை. கண் மட்டும் இருக்கிறது.

பட்டறைக்குப் பின்னாலுள்ள அறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். தூக்கம்தான் சரியில்லை. சாவியைத் திருப்பியதும், என்ஜின் பிடிப்பதற்கு முன் பம்ப் லேசாக முனகும், கேட்டிருப்பீர்கள். அந்த முனகல் காலியான பட்டறையில் கேட்கிறது. இருந்த வண்டிகளையெல்லாம் வெளியே அனுப்பிப் பார்த்தேன். அப்போதும் கேட்டது. முனகிவிட்டு நின்றுவிடும், என்ஜின் பிடிப்பதே இல்லை. போய்ப் பார்த்தால் தரை ஈரமில்லாமல் சுத்தமாக இருக்கும். பெட்ரோல் வாசனை மட்டும் அடிக்கும்.

அவளுடைய அப்பா தம்பியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கேட்கிறாராம். நல்ல மனிதர், ஆனால் அவனைப் பார்த்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அவனை மட்டும் அனுப்பாதீர்கள். நான் அறைக்குள் காலடி வைத்ததுமே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். நான் வெளியே போகும்வரை திறக்கவே மாட்டான். என்னிடம் தவிர வேறு யாரிடம் சார் அவனுக்கு அப்படி ஒரு நிம்மதி வரும்?