வண்டி வராத தண்டவாளம்

திங்கட்கிழமை. காலை எட்டே முக்கால். ஓடுகிறோம். மாண்டலேவுக்குத் தெற்கே, தண்டவாளத்தின் நடுவில், ஸ்லீப்பர் கட்டைக்குக் கட்டை கால் வைத்து மூன்று பேர். முன்னால் முத்தையா. பர்மாவிலேயே பிறந்த தமிழர், எங்கள் முகாமின் சமையல்காரர். நடுவில் ஆரோக்கியம், என் தங்கை மேரியின் புருஷன். கடைசியில் நான். பின்னால், உள்நாட்டுச் சண்டையில், எங்கள் முகாம் எரிகிறது. குண்டு முதலில் விசில் அடிக்கிறது. பிறகுதான் ‘தொம்’.

“கீழ கால் வைக்காதீங்க! ரெண்டு பக்கமும் கண்ணிவெடி!” முத்தையா திரும்பாமலே கத்துகிறார்.

நாங்கள் விழுப்புரத்து கேங் ஆட்கள். தண்டவாள வேலை. மீட்டர் கேஜ், அந்தக் குறுகிய தடம், எங்கள் பக்கம் எப்போதோ போய்விட்டது. பர்மாவில் இன்னும் அதுதான். அது தெரிந்த ஆள் வேண்டும் என்று திண்டிவனத்து ஏஜெண்ட் ஒருவர் கேட்டார். சும்மா போகாமல் மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போனேன். மேரி கூட்டேரிப்பட்டு பஸ் ஸ்டாப் வரை வந்தாள். “அண்ணே, போற மாரியே இட்டுக்கினு வந்துடுண்ணே” என்றாள். அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்றைக்கு எனக்கு வாய் நீளம்.

ஒன்பது மணி. சத்தம் நின்றது. மூச்சு வாங்க நடக்கிறோம். பக்கத்தில் நிலக்கடலைக் கொல்லை. ஆரோக்கியம் கை காட்டுகிறார்.

“மச்சான், மல்லாட்ட! நம்ம மயிலம் பக்கம் மாரியே கீது.”

சிரித்தார். நான் குனிந்து தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்தேன். இருபத்தைந்து வருடப் பழக்கம். வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். இரும்பு அதிர்ந்தது.

“வண்டி! எறங்கு!”

எங்கள் வேலையில் அந்தக் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. குதிக்க வேண்டும். விழுப்புரம் யார்டில் ஆரோக்கியத்துக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்தது அதுதான். முத்தையா குதிக்கவில்லை. அவர் சமையல்காரர். கத்திய நான் குனிந்த இடத்திலேயே இருந்தேன். ஆரோக்கியம் குதித்தார்.

ஒரே வெடி. விசில் இல்லை.

அதற்கு அப்புறம்தான் தூரத்திலிருந்து ‘தொம்’ வந்து சேர்ந்தது. முன்னால் பாலத்தில் குண்டு விழுந்திருக்கிறது. காதுக்கு முன்னால் இரும்பு சொல்லிவிட்டது. மூன்று நாளாக அந்தத் தடத்தில் வண்டியே ஓடவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன்.

அவரைத் தூக்க இறங்கப் பார்த்தேன். முத்தையா சட்டையைப் பிடித்து இழுத்தார். “நீங்களும் போனா ஊருக்கு யார் சொல்றது? வாங்க!”

இப்போது விழுப்புரத்தில் இருக்கிறேன். தண்டவாளத்தைக் கையால் தொடுவதில்லை.

போனவை: முகாம் ஒன்று. பாலம் ஒன்று. பாஸ்போர்ட் இரண்டு. ஆரோக்கியம், வயது முப்பத்து நான்கு. உடம்பு கிடைக்கவில்லை. கல்லறையில் அவருடைய கல்யாணச் சட்டையைப் புதைத்தோம்.

குண்டு விழுந்து செத்தார் என்று மேரியிடம் சொல்லியிருக்கிறேன். இன்றும் எனக்குச் சோறு போடுகிறாள். எங்கள் மேல் குண்டு எதுவும் விழவில்லை, மேரி. நான்தான் கத்தினேன்.