தராசு சாய்ந்த நாள்: திசு வளர்ப்பறைப் பொறுப்பாளருக்கு ஒரு பாராட்டு மடல்

குப்பிக்குள் கானகம் கண்ட கோமானே! செல்லின் செவியில் சேதி சொன்ன செம்மலே! செருப்பைக் கழற்றாமல் வளர்ப்பறைக்குள் நுழைய வந்த இயக்குநரையே வாசலில் நிறுத்திய வல்லமையே! வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள், ஏழு இயக்குநர்கள், மூன்று குளிரூட்டிகள் எல்லாவற்றையும் தாங்கி, புன்னகை மாறாமல் இன்று பணி நிறைவு காணும் தங்களை 'நடுநிலை தவறாதவர்' என்று வாழ்த்தத்தான் முதலில் உட்கார்ந்தோம். அந்த நடுநிலையால் நாங்கள் பட்ட பாடு நினைவுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

தங்களுக்குத் 'தராசு' என்று நாங்கள் பெயர் வைத்திருப்பது தாங்கள் அறிந்ததே. ஒரு பேனாவை இருவர் கேட்டால், ஒருவருக்குப் பேனாவையும் மற்றவருக்கு மூடியையும் கொடுத்தனுப்பிய பெருந்தகை தாங்கள்!

செடியின் செல் ஒவ்வொன்றும் பிறக்கும்போது எதுவாகவும் ஆகக்கூடியது. பிறகு ஒரு பதவியைப் பிடித்துக்கொண்டு, பிரிந்து பெருகுவதையே நிறுத்திவிடுகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் எங்கள் ஒவ்வொருவருக்கும் தாங்கள் சொன்ன பாடம் இது. இலைச் செல் சமைக்கும். தோல் செல் காக்கும். மரத்தின் குழாய்ச் செல்லோ உயிரை விட்ட பின்னும் நின்ற இடத்திலேயே நின்று நீர் கடத்தும். இதை நம் நிர்வாகப் பிரிவோடு ஒப்பிட நினைத்தோம். குழாய்ச் செல் நீரையாவது கடத்துகிறதே என்று கைவிட்டோம்.

ஆனால் அதே இலையை நறுக்கி, உரிய உணவில் இட்டு, இருட்டில் வைத்தால், செல்கள் பட்டத்தையும் பதவியையும் மறந்து மீண்டும் பிரியத் தொடங்கும். இலையுமில்லாத, வேருமில்லாத வெறும் கட்டியாகும். அந்தக் கட்டியிலிருந்தே ஒரு முழுச் செடி முளைக்கும் என்றீர்கள். வாயைப் பிளந்து கேட்டோம்.

முளைக்கும் என்றுதான் சொன்னீர்கள். பதினோர் ஆண்டுகள் முளைக்கவில்லை.

நம் வளாகத்தின் பின்புறம் நின்ற முதுமரம், நாமறிந்தவரை அதன் இனத்தில் கடைசி. அது காற்றில் சாய்வதற்குச் சில நாள் முன்பு அதன் இலையைக் குப்பியில் இட்டீர்கள். கட்டி வந்தது. ஆக்சின் என்னும் ஊக்கியைக் கூட்டினால் வேர், சைட்டோகைனின் என்னும் மற்றோர் ஊக்கியைக் கூட்டினால் குருத்து, இரண்டும் சமமானால் கட்டி கட்டியாகவே இருக்கும். இது தங்களுக்குத் தெரியாததன்று. ஆனால் தங்களின் கீழ் இரண்டு உதவியாளர்கள் இருந்தார்களே!

"முதல்ல குருத்து வரட்டும் சார், வேரைப் பிறகு பாத்துக்கலாம்."

"வேர் இல்லாம குருத்து எதுல நிக்கும்? உங்க தலையிலயா?"

இருவர் மனமும் நோகக்கூடாதென்று இரண்டு ஊக்கிகளையும் இம்மி பிசகாமல் சமமாக அளந்து ஊற்றினீர்கள். கட்டியும் தங்களைப் போலவே யாரையும் பகைத்துக்கொள்ளாமல் கொழுத்தது. மாதந்தோறும் அதைப் புதுக் குப்பிக்கு மாற்றினோம். பதினோர் ஆண்டுகள் மாற்றிக்கொண்டே இருந்தோம்.

இரண்டு மாதம் முன்பு ஆணை வந்தது: தங்கள் ஓய்வு நாளுக்குள் ஒரு குருத்தும் வராவிட்டால் வளர்ப்பறை கோப்புக் கிடங்காகும், குப்பிகள் கழுவுதொட்டிக்குப் போகும். மரத்தின் மிச்சமெல்லாம் அந்தக் குப்பிகளில்தான் இருந்தது. அன்று தாங்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. குப்பி கழுவும் அக்காதான் கைகளைத் துடைத்தபடி கேட்டார்:

"ரெண்டு பக்கமும் சரிசமமா இழுத்தா அது எந்தப் பக்கம் சார் போகும்? திருதிருன்னு முழிச்சிட்டு அங்கேயே உக்காந்திருக்கும். யாராவது ஒருத்தர் மூஞ்சி கோணட்டும், விடுங்க!"

தங்கள் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பக்கம் சாய்ந்தீர்கள். சைட்டோகைனினைப் பத்து மடங்காக்கினீர்கள். வேர்க் கட்சி உதவியாளர் ஒன்பது நாள் தங்களோடு பேசவில்லை. சுவரைப் பார்த்தே சாப்பிட்டார். தாங்கள் உருகினீர்கள், ஆனாலும் அளவை மாற்றவில்லை. இருபத்தாறாம் நாள் காலையில் ஓர் அலறல் கேட்டது.

"சார்! மூக்கை நீட்டிருச்சு சார்! பச்சையா!"

அலறியவர் அதே வேர்க் கட்சிக்காரர்தான். மூச்சு வாங்கியதும் அடுத்த கேள்வி: "அடுத்த குப்பி என் முறைதானே சார்?" ஆம், குருத்து வந்தபின் வேருக்கான ஊக்கி; ஒருவர் பின் ஒருவர். பதினோர் ஆண்டுச் சண்டை ஒரு நொடியில் தீர்ந்தது. வளர்ப்பறையை மூடும் ஆணையை இயக்குநர் இன்று காலை ரத்து செய்தார். வளர்ப்பறைக்கே வந்து கையெழுத்திட்டார், செருப்பை வெளியே விட்டுவிட்டு!

ஐயா! நாளை முதல் தங்களுக்குப் பதவி இல்லை. எனவே எதுவாகவும் ஆகலாம். நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு துளிர்த்து வாழ்க! ஆனால் தங்கள் துணைவியார் நேற்றே எங்களைப் பிடித்துக்கொண்டார்:

"முப்பது வருசமா எனக்கும் இவங்க அக்காவுக்கும் எது வந்தாலும் 'ரெண்டு பேர் சொல்றதும் சரி'ங்கறார். இனிமே முழு நேரமும் வீட்டுல உக்காந்து இதையே சொல்லப் போறாரா?"

இந்த விழாவின் முதல் வரிசையில் இடப்பக்கம் துணைவியார், வலப்பக்கம் தமக்கையார், சரி நடுவில் தங்களுக்கொரு நாற்காலி என்று தாங்களே நேற்று அளந்து போட்டுவிட்டுப் போனீர்கள். துணைவியாருக்கு அந்தப் பக்கம் ஒன்று, தமக்கையாருக்கு இந்தப் பக்கம் ஒன்று என ஓரத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. மடலைப் பெற்றுக்கொண்டு மேடையை விட்டு இறங்கியதும் நடுவில் தேடவேண்டாம் ஐயா.

அந்த நடு நாற்காலியை நாங்கள் எடுத்துவிட்டோம்.

தங்கள் சாய்வை ஆவலோடு எதிர்நோக்கும்,
குப்பி கழுவும் அக்கா, வேர்க் கட்சி, குருத்துக் கட்சி
மற்றும் வளர்ப்பறைப் பணியாளர் அனைவரும்