தண்ணிச் சத்தத்துக்கு எத்தனை மார்க்

— அண்ணா, அதத் தொடாதீங்க! இன்னும் ஒயர் மாட்டல.

— எங்க தொட்டேன்? சும்மா தடவிப் பாத்தேன்.

— தடவறதுக்கு அது என்ன பூனையா? நடுவருக்கு ஒண்ணுன்னு டேப்லெட் வெச்சிருக்கேன். நடுவுல இருக்கறது உங்களுது. உக்காருங்க.

— உக்காந்தாச்சு.

— நீங்க இதுல மார்க் அழுத்தினா, நீச்சல் குளத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஸ்கிரீன்ல வரணும். வந்துட்டா என் வேலை முடிஞ்சுது. சாயங்காலம் போட்டிய நீங்க பாத்துக்கங்க.

— கூரையப் பாரு, குருவி.

— ஏன், ஒழுகுதா?

— தண்ணியோட வெளிச்சம்... கூரை முழுக்க நெளியுது. குளத்தத் தலைகீழாத் தொங்கவிட்ட மாதிரி.

— கவிதையெல்லாம் அப்புறம். பயிற்சிக்கு ஒரு பொண்ணு டைவிங் பலகையில ஏறுது. அவ குதிச்சதும் மார்க் போடுங்க. சும்மா சோதனைக்குத்தான்.

— ஏறிட்டாளா?

— நுனியில நிக்கறா. கையத் தூக்கிட்டா... குதிச்சாச்சு!

— ஆகா... துணியக் கிழிச்ச மாதிரி ஒரு சத்தம், கேட்டியா? தண்ணி தெறிக்கவே இல்ல. எட்டு.

— அழுத்துங்க.

— அழுத்திட்டேன்.

— ஸ்கிரீன்ல அஞ்சு வருது.

— உன் ஸ்கிரீன்ல கோளாறு.

— என் ஸ்கிரீன் நல்லாத்தான் இருக்கு. நீங்க அழுத்தினது அஞ்சு.

— விரல் வழுக்கிடுச்சு. ஒரே ஈரம்.

— சரி... அவ காத்துல எத்தன சுத்து சுத்தினா?

— ரெண்டு.

— ஒன்றரை. காலு ஒட்டி இருந்துச்சா, பிரிஞ்சு இருந்துச்சா?

— நடுவர் நீயா, நானா?

— அண்ணா... என்னப் பாருங்க. எப்படித் தெரியறேன்?

— வேண்டாம், விடு.

— சொல்லுங்க.

— ஓரமாப் பாத்தா நீ இருக்க. நேராப் பாத்தா... நீ இருக்கற எடத்துல ஒரு மூட்டம். கண்ணாடியில மூச்சு விட்டா படருமே, அந்த மாதிரி. பயப்படாத. சில நேரம் அழகாக்கூட இருக்கு. நேத்து தெருவிளக்கெல்லாம் பஞ்சு மாதிரி மெதந்துக்கிட்டு இருந்துச்சு.

— எவ்ளோ நாளா இப்படி?

— மழைக்காலத்துலேர்ந்து. போனது திரும்பாதுன்னுட்டார் டாக்டர். மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாப் போகுமாம்.

— ஏன் என்கிட்ட சொல்லல?

— சொன்னா அழுவ. அழுதுக்கிட்டே ஒயரத் தப்பா மாட்டுவ.

— நான் ஒண்ணும் அழல. குளோரின்... கண்ணு எரியுது.

— ம். ரொம்பத்தான் போட்டிருக்காங்க குளோரின்.

— அண்ணா... நான் ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் என்னோட பேசுவீங்களான்னு தெரியல.

— சொல்லு.

— போன போட்டியிலயே கவனிச்சேன். எல்லாரும் மார்க் போட்டப்புறம் நீங்க மட்டும் டேப்லெட்ட மூக்குகிட்ட வெச்சுக்கிட்டு தேடினீங்க. அன்னிக்கி அரை மார்க்குல தோத்துட்டு ஒரு பொண்ணு அழுதுட்டே போனா... எனக்குச் சோறு எறங்கல.

— ம்.

— நேத்து நீச்சல் சங்கத் தலைவியம்மாகிட்டப் போனேன். போயி...

— போயி?

— உங்கள நடுவரா உக்கார வெக்காதீங்கன்னு சொல்லிட்டேன். சொந்த அண்ணன... இந்தத் தங்கச்சியே போட்டுக் குடுத்துட்டேன். திட்டவாவது செய்யுங்க!

— அந்தம்மா என்ன சொன்னாங்க?

— ஒண்ணும் சொல்லல. என் கையப் பிடிச்சுக்கிட்டு சும்மா இருந்தாங்க. அப்புறம் 'நீ போய் வேலையப் பாரு'ன்னாங்க.

— சொல்ல மாட்டாங்க. நான்தான் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன். அந்தப் பொண்ணு அழுதது எனக்கும் கேட்டுச்சு, குருவி. மறுநாளே அந்தம்மாகிட்டப் போய் விலகிட்டேன். சாயங்காலம் இந்த நாற்காலியில வேற ஆள்... இத்தன வருஷமா நீ ஸ்கிரீன் போடற, நான் தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். உன் வேலைய ஒரு நாளும் நிமிந்து பாத்ததில்ல. கண்ணுல கொஞ்சம் மிச்சம் இருக்கறப்பவே பாத்துடலாம்னுதான் வந்தேன். எல்லாத்தையும் போட்டுக் காட்டு.