பக்ருன்னிசா சிஸ்டர் காத்த சூடு

தலைமையேற்றிருக்கும் மருத்துவர் பாலகோபால் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, அன்னூரின் தாய்மார்களே! இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் வணக்கம்.

நம் பிரசவ வார்டின் தலைமைச் செவிலி பக்ருன்னிசா அம்மையார் முந்தாநாள் மாரடைப்பில் போய்விட்டார். அவர் கடைசியாக நெஞ்சில் அணைத்திருந்த பெண் குழந்தை இன்னும் வார்டில்தான் இருக்கிறது. ஏழாம் மாதத்தில் பிறந்தது. எடை ஒன்றேகால் கிலோ. தாய் லோகப்பிரியா காய்ச்சலில் கிடக்கிறாள். இனி அதற்கு யார் சூடு கொடுப்பது?

நான் முப்பத்தொரு ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவன். குளிர்ந்தால் நமக்கு நடுக்கம் வருகிறது. அந்த நடுக்கத்தில் சூடு பிறக்கிறது. பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்க வராது. அதற்காகத் தோள்பட்டைகளுக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. அதன் ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்டிரியா நிறைந்திருக்கிறது. அதை ஒரு நூற்பு மில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றச் செல்களில் அந்த மில் கொழுப்பை எரித்து, உடம்பின் வேலைக்கான சக்தியை நூலாக நூற்கிறது. பழுப்புக் கொழுப்பிலோ, ஒரு புரதம் பெல்ட்டைக் கழற்றிவிடுகிறது. மோட்டார் ஓடும், நூல் வராது, எரிந்ததெல்லாம் சூடாகிவிடும். அந்தச் சூட்டை ரத்தம் உடம்பெங்கும் கொண்டு போகும். இந்தக் கொழுப்பு கடைசி மாதங்களில்தான் நிறையச் சேர்கிறது. முந்திப் பிறந்த குழந்தை என்ன செய்யும்?

இதைச் சொல்லத்தான் சிஸ்டர் ஒருமுறை என்னை வார்டுக்கு அழைத்தார். செல்லாத்தாள் என்ற அம்மாள் பேரனைக் குளிப்பாட்ட வெந்நீரோடு நின்றிருந்தார்.

"ஏனுங் சிஸ்டர், கழுவாம எப்புடிங்க? மேலெல்லாம் மாவு பூசுனாப்ல இருக்குதுங்க!"

"அது அழுக்கில்லீங்க அம்மணி, கொழந்தை தோலுக்குக் காப்புங்க. ஈரம் பட்டா சூடு போயிருமுங்க. தண்ணி வீணாப் போகுதுன்னா நீங்க குளிச்சுப்போட்டு வாங்க!"

நான் சுவரில் சாக்பீஸால் செல் வரைந்தேன். சிஸ்டர் சிரித்தார்.

"வாத்தியாரய்யா, உங்க பாடம் முடியறதுக்குள்ள கொழந்தை பள்ளிக்கோடமே போயிருமுங்க. காலைத் தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்குது!"

அவரே குழந்தையைத் துடைத்துச் செல்லாத்தாளின் நெஞ்சில் வைத்துப் போர்த்தினார். அன்று அந்தச் சுவரின் முன் நான் வெட்கி நின்றேன். எத்தனை குழந்தைகள்! எத்தனை ஆண்டுகள்! நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னோமா?

இன்றும் கையாலாகாமல்தான் நிற்கிறேன். சூடேற்றும் விளக்கு, கரண்ட் போனால் அணைந்துவிடுகிறது. காலையிலிருந்து தகப்பன் சரவணன் குழந்தையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்திருக்கிறான். அதனால்தான் இங்கே வரவில்லை. குழந்தை பிழைக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். யார் அணைத்தாலும் சூடுதான் என்று மட்டும் சொன்னார்.

சிஸ்டரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லத்தானே கூடியிருக்கிறோம்? கை தூக்க வேண்டாம், ஐயா. சளி, காய்ச்சல் இல்லாதவர்கள் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வார்டுக்கு வாருங்கள், முறை வைத்துக் குழந்தையை அணைப்போம். ஆறு மணிக்குச் சரவணன் எழுந்தாக வேண்டும். அதிலிருந்து எட்டு மணி வரை என் முறை. இந்தக் கிழட்டு உடம்பின் சூடு போதுமா, தெரியவில்லை.

எட்டு மணிக்கு யார் வருகிறீர்கள்?