நீங்கள் கேட்ட மருத்துவக் கோப்பு

வக்கீல் அவர்களுக்கு,

உங்கள் கடித உறையில் என் பெயருக்கு முன்னால் 'திரு' என்று மட்டும் போட்டிருந்தீர்கள். முப்பத்தோரு ஆண்டுகள் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்தவனுக்கு அது சற்றுக் குறைவுதான். பரவாயில்லை, உங்களுக்கு வேலை அதிகம்.

என் மகனின் பழைய மருத்துவக் கோப்பைக் கேட்டிருக்கிறீர்கள். அவனுக்குப் புத்தி சரியில்லை என்று நிரூபித்தால் தூக்கிலிருந்து தப்பிப்பான் என்கிறீர்கள். கோப்பு ஏன் இல்லை என்பதை முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. யாரையும் சுட்டதில்லை. அது இருக்கும் வீடு மூத்தவன் வீடு, அவ்வளவுதான். எனக்கு எழுபத்தைந்து முடிந்ததும் உரிமத்தை மகன் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. புதிய விதிப்படி அவன் மனநல மருத்துவரின் பரிசோதனையில் தேற வேண்டும். இதைக் கேள்விப்பட்ட என் தம்பி, உறவினர்கள் நிறைந்த கூடத்தில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எதுக்குண்ணே வீண் அலைச்சல்? பேசாம என் பையன் பேருக்கு எழுதிடுங்க. அவன் தனியா உக்காந்து பேசுறதில்ல."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

மருமகளும் அதையேதான் விரும்பினாள். "அது சின்ன மாமா வீட்டுக்கே போகட்டும் மாமா. இப்பத்தான் அவருக்கு மாத்திரை கேக்க ஆரம்பிச்சிருக்கு," என்றாள்.

"என் மகனுக்குப் பைத்தியம்னு நீயே தண்டோரா போடாதம்மா," என்றேன். எங்கள் வீட்டில் மூத்தவர் முடித்த பேச்சை யாரும் தொடர்வதில்லை.

சாட்சிகள் எப்படித் தோற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்பவன் மாட்டிக்கொள்வான். கேள்வி முடியுமுன் பதில் சொல்பவனை நீதிபதி நம்பமாட்டார். ஆகவே மூன்று வாரம், தினமும் காலை ஆறு முதல் ஏழு வரை, சாப்பாட்டு மேசையில் மகனை எதிரே உட்கார வைத்து, மருத்துவர் கேட்பதுபோல் கேட்டேன்.

"காதுல குரல் ஏதாவது கேக்குதா?"

"இல்ல டாக்டர்."

"அவசரப்படாத. மூச்சு விட்டுட்டுச் சொல்லு."

"இல்ல டாக்டர்." பிறகு மெதுவாக, "அதுவும் இப்படித்தான் சொல்லச் சொல்லுதுப்பா" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அங்கே சொல்ல வேண்டாம் என்றேன்.

மாத்திரையால் அவன் விரல்கள் நடுங்கின. மருத்துவர் கண்ணில் அது படாமல் இருக்காது. மாத்திரையை நிறுத்தினேன். அவனுக்கு மனநோய் எதுவும் இருந்ததில்லை என்ற உறுதிமொழியிலும் கையெழுத்திட்டேன்.

பரிசோதனை கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சான்றிதழின் நகலைத் தம்பிக்கு அனுப்பினேன். மறுபடி மாத்திரை கொடுக்கலாமா என்று மருமகள் கேட்டாள். நலமாக இருக்கிறான் என்று முத்திரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நலமாக இருப்பவனுக்கு மாத்திரை எதற்கு? துப்பாக்கிப் பெட்டியின் சாவியையும் அவனிடமே கொடுத்தேன்.

சாவி கொடுத்த ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு மாடியில் வெடிச் சத்தம் கேட்டது. ஏறிப் போனேன். மகன் மேல்படியில், துப்பாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். "இப்ப அமைதியாயிடுச்சுப்பா," என்றான். மருமகள் படுக்கையறைச் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்புலன்சக் கூப்பிடுங்க மாமா."

ஆம்புலன்ஸ் வந்தால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் அலமாரிகளைத் திறக்கும். பிறகு என் தம்பி வந்து வாசலில் நிற்பான். எனவே முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தேன். குனிந்து, ஆஸ்பத்திரிக் காகிதங்களை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"பீரோவுல... கீழ்த்தட்டுல, துணிக்கு அடியில. சீக்கிரம் மாமா."

கொல்லைப்புறத்தில் ஒவ்வொரு தாளாக எரித்தேன். கட்டாகக் கொளுத்தினால் நடுவிலிருக்கும் தாள்கள் எரியாமல் நின்றுவிடும். நாற்பது நிமிடம் ஆனது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கைகழுவி, சட்டை மாற்றிக்கொண்டு தொலைபேசியை எடுத்தேன். அதற்குள் அவள் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

மருத்துவமனையில் நகல் தேடாதீர்கள். அவனை எப்போதும் வேறு பெயரில்தான் காட்டினோம். இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். கூண்டில் ஏற்றிக் கேட்டால், என் மகன் தெளிந்த மனதோடு செய்தான் என்றே சொல்வேன். கொலைகாரன் எந்தக் குடும்பத்திலும் பிறப்பான். பைத்தியம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

மருமகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அத்தனை வலியில் இருந்தவள் காகிதங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னாள். குடும்ப மானத்தை என்னைப் போலவே அவளும் பெரிதாக நினைத்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.