வெள்ளைக்காரப் பொடியனின் சைக்கிள்

கொக்கட்டிச்சோலை பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் புதிய சைக்கிள் பம்ப்.

"உங்கட வீட்ட ஆரு மச்சாள் சைக்கிள் ஓடுற?"

"ஒருத்தருமில்ல. நம்மட வெள்ளைக்காரப் பொடியன்ட சைக்கிளுக்குக் காத்தடிக்க."

"கொரோனா ஊரடங்கில மாட்டுப்பட்டு உங்கட வீட்ட நிண்டவனோ? அவன் பிளேன் ஓடத் தொடங்கின உடனே போயிற்றானே!"

"ஓம். ஜெர்மனியில இருந்து இந்தியா வரைக்கும் மிதிச்சு, கடல் தாண்டி இஞ்ச கொண்டு வந்த சைக்கிள்கா அது. போகக்குள்ள கொண்டு போக ஏலாம விட்டுட்டுப் போனவன்."

"இவ்வளவு வருசமா காத்தடிக்கிறீங்களா? அவனைக் கேட்டு வித்துப்போடுங்களன்."

"போன கிழமையும் போனில விக்கத்தான் சொன்னவன். வாங்க ஆளும் வந்த. நான் குடுக்கல்ல."

"ஏன்கா?"

அவள் பம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வித்தா, மறுகா அவன் என்னத்துக்கு இஞ்ச வாறது?"