பதில் தட்டு

அந்தி மயங்குகிற நேரம். அப்புத்தளைக்குக் கீழே கல்குவாரி ரோடு... பனிமூட்டம் இறங்கிவிட்டால் தன் கால் தனக்கே தெரியாது. நெருங்கி உட்காருங்கள். இது நம்ம கிரிஷாந்தனின் சித்தி நிரஞ்சலாவுக்கு நடந்தது.

அண்ணன் தயாபரனோடு கோயில் கூட்டம் முடிந்து வந்துகொண்டிருந்தாள். தயாபரன் அந்தக் குவாரியின் கங்காணி. அண்மையில் அகில இலங்கை சமாதான நீதவான் என்கிற பட்டமும் வாங்கிவிட்டார். தோளில் பொன்னாடை. குளிருக்கு அது உதவாது, ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை.

போன வருஷம் குவாரி வெடியில் நிரஞ்சலாவின் புருஷன் சுரேஸ் செத்தான். குடித்துவிட்டுப் பாறைக்குப் பின்னால் படுத்துக் கிடந்தான் என்று விசாரணையில் சொன்னவர் தயாபரன்தான். கூடப் பிறந்தவர் பொய் சொல்வாரா? நம்பினாள். அண்ணன் வீட்டு அடுப்படியில் ஒதுங்கி, சுரேஸின் படத்தை அங்கே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

டக்... டக்டக்.

நின்றாள். கருங்கல்லில் சுத்தியல்.

அந்தக் குவாரியில் ஒரு வழக்கம். திரியில் நெருப்பு வைக்குமுன் கங்காணி ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பத்திரமாக ஒதுங்கியவன் சுத்தியலால் பாறையில் பதில் தட்ட வேண்டும். ஆளுக்கொரு தட்டு. இது சுரேஸின் தட்டு... சோறு கேட்டுப் பலகையிலும் இப்படித்தான் தட்டுவான்.

தயாபரன் நடையை எட்டிப் போட்டார்.

"அண்ணே, அன்னைக்கி அவரு பேரக் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன் புள்ள. பதில் வரல. போதையில கெடந்தா எப்படி வரும்?"

"பதில் வரலன்னா திரி வைக்கக் கூடாதேண்ணே."

மைக்கைக் கொடுத்தால் பிடுங்கத்தான் வேண்டும் என்கிற மனிதர்... பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அப்புறம் மெதுவாக:

"அவன் அப்ப குழியில இருந்து இன்னும் ஏறி வரல. வெடி பாக்க வந்த பெரியவங்க வெயில்ல காத்து நின்னாங்க புள்ள..."

வெயிலில். அவ்வளவுதான். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

பனிக்குள் திரி கருகுகிற வாடை. ஒரு குரல் கூப்பிட்டது. அதே கங்காணிக் குரல்... ஆனால் தயாபரனின் உதடு அசையவில்லை.

"தயாபரன்."

அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்து ரோட்டோரப் பாறையில் அடித்தார். பொறி பறந்தது. சத்தம் இல்லை. ஓங்கி அடித்தார். விரல் நசுங்கியது. பஞ்சில் அடித்த மாதிரி... சத்தமே இல்லை.

குரல் மறுபடி கூப்பிடவில்லை. வெடியும் வெடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நிரஞ்சலா சுரேஸின் படத்தை முகம் தெரியத் திருப்பி வைத்தாள்.

மறுநாள் விரலைக் காட்டப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தயாபரன் தெம்பாகத்தான் இருந்தார். அடுத்த விழாவுக்குத் தன் பேருக்கு முன்னால் என்னென்ன பட்டம் போட வேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார். முதுகில் வைத்தார். நிரஞ்சலாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குழாயின் நுனியைத் தன் விரலால் தட்டிக் கேட்டார்.

டக்.

குழாயில் கோளாறு இல்லை.